போருக்குப் போய் வந்த அப்பாவுக்கு மறதி, டிமென்ஷியாதானா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயசு, ஆர்மில இருந்தவர். 1987ல அமைதிப்படையோட யாழ்ப்பாணம் போனார். தீபாவளின்னா கதவச் சாத்திட்டு உள்ளயே இருப்பார், ராத்திரி தூக்கத்துல கத்துவார், காலால எட்டி உதைப்பார், இதெல்லாம் சின்ன வயசுலேர்ந்து நாங்க பாக்குறதுதான். இப்ப ஒரு வருஷமா கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்குறார். டிவி சத்தம் எதிர் வீடு வரைக்கும் போகுது. பிடிஎஸ்டி (போர் மாதிரி கோரத்த அனுபவிச்சவங்களுக்கு அப்புறமும் விடாம இருக்குற மன பாதிப்பு) இருந்தா மூளை சுருங்கி டிமென்ஷியா (ஞாபகமும் யோசிக்கிற திறனும் குறைஞ்சுக்கிட்டே போற நோய்) வந்துடும்னு போன்ல படிச்சதுலேர்ந்து பயமா இருக்கு. எம்ஆர்ஐ எடுத்துப் பாத்துடலாமா?
- பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: நீங்க படிச்சது பொய்யில்ல, ஆனா பாதிதான் உங்க கைக்கு வந்திருக்கு. அமெரிக்கால 55 வயசுக்கு மேல உள்ள முன்னாள் ராணுவத்தினர் 1,81,093 பேரோட மருத்துவப் பதிவுகளப் பாத்து 2010ல ஒரு ஆய்வு வந்துச்சு. 7 வருஷத்துல பிடிஎஸ்டி இருந்தவங்கள்ல 10.6 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா வந்திருந்தது, இல்லாதவங்கள்ல 6.6 சதவீதம். தலையில அடிபட்டவங்க, குடிப்பழக்கம் உள்ளவங்க, டிப்ரஷன் உள்ளவங்கள எல்லாம் ஒதுக்கிட்டுப் பாத்தாலும் வித்தியாசம் அப்படியேதான் இருந்துச்சு. அதனால ஆபத்து கூடுதுங்குறது நிஜம், ஆனா அதே கணக்குப்படி 100ல கிட்டத்தட்ட 89 பேருக்கு அந்த 7 வருஷத்துல வரல, இத மட்டும் யாரும் தலைப்புல போட மாட்டாங்க.

அடுத்தது மூளை சுருங்குற விஷயம். ஹிப்போகேம்பஸ்னு ஒரு பகுதி, காதுக்கு உள்பக்கமா ரெண்டு பக்கமும் இருக்கு, புது ஞாபகத்தப் பதிய வைக்கிறது இதோட வேல, அதோட 'இது குடியாத்தத்துல வெடிக்கிற பட்டாசு, யாழ்ப்பாணத்துல வெடிச்ச குண்டு இல்ல'ன்னு இடத்தையும் காலத்தையும் பிரிச்சுக் காட்டுறதும் இதுதான். பிடிஎஸ்டி உள்ளவங்களுக்கு இது சராசரியா கொஞ்சம் சின்னதா இருக்குன்னு பல ஆய்வுல வந்திருக்கு. சண்டையாலதான் சுருங்குச்சுன்னு தோணும் இல்லையா? 2002ல இரட்டையர்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, ஒரே மாதிரி இரட்டையர், ஒருத்தர் வியட்நாம் போனவர், இன்னொருத்தர் சண்டையே பாக்காதவர். போய் வந்து பிடிஎஸ்டி வந்தவரோட ஹிப்போகேம்பஸ் சின்னதா இருந்துச்சு, சரி, ஆனா வீட்டுலயே இருந்த அவரோட இரட்டைச் சகோதரனுக்கும் அதே அளவுக்குச் சின்னதாத்தான் இருந்துச்சு! அப்படின்னா பிறவியிலேயே அது சின்னதா இருக்குறவங்களுக்கு பிடிஎஸ்டி சுலபமா பிடிச்சுக்குதோங்குற கேள்வி வருது. அதுக்காக சண்டையால மூளைக்கு ஒண்ணுமே ஆகலன்னும் சொல்ல முடியாது, நெத்திக்குப் பின்னாடி பயத்த அடக்குற பகுதியோட அளவு, சண்டைக்குப் போய் பிடிஎஸ்டி வந்தவருக்கு மட்டும் குறைஞ்சிருந்ததா இதே மாதிரி இரட்டையர் ஆய்வுல பின்னாடி வந்துச்சு. ஆனா இதெல்லாம் நிறைய பேர ஒண்ணா சேத்துப் பாத்தாத்தான் தெரியுற சராசரிக் கணக்கு, உங்கப்பா ஒருத்தரோட ஸ்கேனப் பாத்து யாரும் இது பிடிஎஸ்டியால வந்ததுன்னு சொல்லிட முடியாது.

அதனால ஸ்கேனுக்கு முதல்ல ஓடாதீங்க. டாக்டர் பாத்துட்டு வேணும்னு சொன்னா எடுங்க.

உங்க லெட்டர்ல எனக்குப் பட்டது அந்த டிவி சத்தம்தான். துப்பாக்கி, குண்டுச் சத்தத்துலயே வருஷக்கணக்கா இருந்தவங்களுக்குக் காது மந்தமாகுறது சகஜம். சரியாக் காதுல விழாதத மறந்துட்டாருன்னு வீட்டுல நெனைப்போம். அதோட காது கேக்காம விட்டுட்டா அதுவே டிமென்ஷியா ஆபத்தக் கூட்டும், காது மெஷின் வச்சா அந்த ஆபத்தக் கொஞ்சம் குறைக்க வாய்ப்பிருக்கு. பி12 குறைவு, தைராய்டு, தூக்கத்துல மூச்சு திணறுறது, சுகர், பிபி, கேன்டீன் சரக்கு இதெல்லாமும் மறதியக் கொண்டு வரும், எல்லாத்துக்கும் வைத்தியம் இருக்கு.

ராத்திரி அலறலுக்கும் வைத்தியம் இருக்கு, 35 வருஷமா பழகிப் போச்சுன்னு விட்டுடாதீங்க. அவர் உதைக்கிறத ஒரு தடவை போன்ல வீடியோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க, ஏன்னா கனவோட சேந்து கைகால் ஆடுறது சிலருக்கு பார்க்கின்சன் (கைகால் நடுங்கி அசைவு மந்தமாகுற நரம்பு நோய்) வகை நோயோட முன்னறிகுறியாவும் இருக்கும், நேர்ல பாத்துப் பிரிச்சுச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். கத்தும்போது தொட்டு உலுக்காதீங்க, தூங்குறவர் எதிரின்னு நெனச்சு அடிச்சிடுவார். கால்மாட்டுல தள்ளி நின்னு லைட்டப் போட்டு 'அப்பா, வீட்டுலதான் இருக்கீங்க'ன்னு சொல்லுங்க. மெடிக்கல் ஷாப்ல நீங்களே தூக்க மாத்திரை வாங்கிக் குடுக்கவே குடுக்காதீங்க, இந்த வயசுல அது மறதியயும் கூட்டும், பாத்ரூம் போறப்ப கீழயும் தள்ளும். ஏற்கெனவே போட்டுக்கிட்டிருந்தா திடீர்னு நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்.

தெரிஞ்ச தெருவுலயே வழி தவறுறது, பென்ஷன் கணக்கு பாக்கத் தடுமாறுறது மாதிரி ஏதாவது இருந்தா தள்ளிப் போடாம காட்டுங்க.

'எனக்கென்ன பைத்தியமா'ன்னு கண்டிப்பா கேப்பார். அவர் சர்வீஸ் பண்ண காலத்துல இப்படி ஒரு நோய் இருக்குன்னே நம்ம பக்கம் யாரும் பேசல, அமெரிக்க மனநல டாக்டர்களோட நோய்க் கையேட்டுலயே 1980லதான் ஏறுச்சு, அவர எப்படிக் குத்தம் சொல்றது? காது டெஸ்டுக்குன்னு சொல்லி வேலூர் இசிஎச்எஸ் (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க, பொய்யும் இல்ல. அவரோட யூனிட்ல இருந்த பழைய ஆள் யாராவது பக்கத்துல இருந்தா அவரையும் கூடக் கூப்பிடுங்க, பொண்ணு சொல்லி இறங்காதவர் அவர் சொன்னா இறங்குவார். மனநல டாக்டருக்கு ரெஃபரல் அங்கேயே கேட்டு வாங்கிக்கலாம். அதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது பேசணும்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது, உங்க தூக்கத்தப் பத்தியும் சேத்தே கேளுங்கம்மா.