குழந்தையின் மூச்சை எண்ணுங்கள்

கேள்வி: எங்கள் 8 மாதக் குழந்தைக்குச் சளி பிடித்து நெஞ்சில் கர்கர் என்று சத்தம் கேட்கிறது. எப்போது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்? (வாசகி, தேனி)

பதில்: சத்தத்தைவிட மூச்சின் வேகமே முக்கியம். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம் என்பதால், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ இரவென்றும் பாராமல் கிளம்பிவிடுங்கள். இவை எதுவும் இல்லையென்றால், தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுப்பதும், பாலூட்டும் முன் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடுவதும் போதும். பாட்டிமார் கோபித்தாலும் சரி, மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கிப் புண்ணாக்கும். ஒரு வயதுவரை தேனும் கூடாது.