ஓட்டை வேறு, தொய்வு வேறு

அன்புள்ள சார்,

‘ஸ்டார் வார்ஸ்: த லாஸ்ட் ஜெடை’ படத்தை மறுபடி பார்த்தேன். நாயகி ரே, வில்லன் கைலோ ரென், பழைய நாயகன் லூக் மூவரும் மனதை விட்டு நகர மறுக்கிறார்கள். ஆனால் கதை? எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கும் கப்பல்களைப் பெரும்படை ஒன்று பின்னாலேயே துரத்திக்கொண்டிருக்கிறது. நாலு கப்பலை முன்னால் அனுப்பி மறித்தால் தீர்ந்தது விஷயம். நடுவில் அந்தக் கப்பலில் இருக்கும் ஃபின்னும் ரோஸும் சூதாட்ட நகரத்துக்குப் போய்வருவது எதற்கு? தப்பியோடும் படையின் தளபதி ஹோல்டோ ஒளிவேகத்தில் கப்பலைக் கொண்டுபோய் மோதுவது பிரமாதமான காட்சிதான், ஆனால் அது முடியுமென்றால் இத்தனை நாள் யாரும் ஏன் செய்யவில்லை? ‘பாத்திரங்கள் பலமாக இருந்தால் மற்றதை மன்னித்துவிடலாம்’ என்கிறார்கள் நண்பர்கள். எவ்வளவு தூரம் மன்னிக்கலாம்?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

நீங்கள் கேட்டிருப்பவை எல்லாம் ஒரே வகைக் குறைகள் அல்ல. முன்னால் மறிக்காதது லாஜிக் ஓட்டை. ஃபின் – ரோஸ் பயணம் தொய்வு. ஓட்டையை மன்னிக்கலாம். தொய்வை அப்படி விட முடியாது, ஏனென்றால் அது பாத்திரத்தையே அரித்துவிடுகிறது.

1980இல் வந்த ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’கை எடுத்துக்கொள்ளுங்கள். குரு யோடாவிடம் லூக் பயிற்சி பெறுவது வாரக்கணக்கில் நடப்பதுபோலத் தெரியும். அதே நேரத்தில் அவன் நண்பன் ஹான் சோலோ தப்பியோடுவது ஓரிரு நாள் சமாசாரம்போல இருக்கும். கணக்கு உதைக்கிறது, ஆனாலும் படம் ஆடவில்லை. பயிற்சியை முடிக்காமல் போகாதே என்று யோடா தடுத்தும் லூக் போகிறான், கையை இழக்கிறான். முடிவு அவனுடையது, விலையும் அவனுடையது. பார்வையாளர் பிடித்துக்கொள்வது அதைத்தான், நாட்கணக்கை அல்ல.

இனி 2017 படத்தில் நீங்கள் ரசித்தவர்கள் வரும் பகுதிக்கு வருவோம். கைலோவின் தலைவன் ஸ்நோக்கின் அரியணை அறை. கைலோவுக்கு எதிரே ரே மண்டியிட்டிருக்கிறாள். அவளுடைய ஒளிவாள் அரியணையின் கைப்பிடியில், ஸ்நோக்கின் பக்கத்திலேயே கிடக்கிறது. ஸ்நோக் கண்ணை மூடிக்கொண்டு கைலோவின் மனதை வாசித்து உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான்: வாளைத் திருப்புகிறான், ஏற்றுகிறான், உண்மையான எதிரியைக் கொல்கிறான். சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. திரும்புவது எந்த வாள், எதிரி யார் என்பதில்தான் தப்பு: பக்கத்தில் கிடந்த ரேயின் வாள் திரும்பி ஸ்நோக்கையே கொல்கிறது. சீடனின் மனதில் தன்னைத் தவிர வேறு தலைவன் இருக்க முடியாது என்ற ஆணவம் அவன் கண்ணைக் கட்டிவிட்டது. திருப்பத்தை உண்டாக்குவதே பாத்திரத்தின் குணம். ஆக இங்கே ‘பலமான பாத்திரம்’, ‘பலமான கதைப்பின்னல்’ என்று இரண்டு இல்லை. லூக் தன் மருமகன் கைலோவை எதிர்கொண்ட அந்த இரவு மூன்று தடவை, மூன்று விதமாகச் சொல்லப்படுவதும் இப்படித்தான். ஒவ்வொரு தடவையும் ரேயின் அடுத்த அடி மாறுகிறது.

ஃபின் பக்கம் வாருங்கள். படம் முழுக்க அவன் எடுக்கும் முடிவுகளை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தொடக்கத்தில் ரேயைக் காப்பாற்ற, அவள் திரும்பிவர வழிகாட்டும் பீக்கன் கருவியோடு தப்பப் பார்க்கிறான். கடைசியில் பீரங்கிக்கு நேரே வண்டியைச் செலுத்துகிறான். நடுவில்? கடற்கரையில் கப்பலை நிறுத்தியதற்காகக் கைதாகிறார்கள். எதிரிக் கப்பலுக்குள் நுழைய வழிசெய்வான் என்று தேடிவந்த ஆளை விட்டுவிட்டு, சிறையில் தற்செயலாகக் கிடைத்த டிஜே என்ற திருடன் பூட்டைத் திறக்கிறான். தப்பிக்கும் கப்பலும் அவன் தயவு. போன காரியம் தோற்றதில் எனக்குப் புகார் இல்லை. தோல்வியால்தான் டிஜே காட்டிக்கொடுக்கிறான், தப்பியோடும் கப்பல்கள் ஒவ்வொன்றாகச் சுடப்படுகின்றன. நல்ல கண்ணிதான் அது. கோளாறு, அந்தத் தோல்வியில் ஃபின்னின் கை படவே இல்லை என்பது.

சரிசெய்யப் பெரிய மாற்றம் வேண்டியதில்லை. கிளம்புமுன் ஃபின் பீக்கனை விமானியான போவிடம் கொடுத்துவிடுகிறான். கொடுக்காமல் தன்னிடமே வைத்திருந்தால்? போர்க்களத்துக்கு வெளியே, டிஜேயின் கப்பலில், கையில் பீக்கன். திரும்பாமல் போய்விட்டால் ரே பிழைப்பாள். திரும்பினால் அவளையும் ஆபத்துக்குள் இழுத்துவருவான். இரு தரப்புக்கும் ஆயுதம் விற்பவர்களைக் காட்டி ‘எந்தப் பக்கமும் சேராதே’ என்று டிஜே சொல்லும் இடம் ஏற்கெனவே படத்தில் இருக்கிறது. அங்கே ஃபின்னுக்குத் தப்பிக்க ஒரு கதவு திறந்திருந்தால், பிரசங்கம் சபலமாக மாறியிருக்கும்.

நீங்கள் தொடாத ஒன்று, என் பார்வையில் இதைவிட மோசம்: ஹோல்டோவின் மௌனம். சிறு கப்பல்களில் ரகசியமாகத் தப்பும் தன் திட்டத்தை அவர் போவிடம் சொல்லியிருந்தால் அந்தப் பயணமே தேவையில்லை. கட்டளையை மீறிக் குண்டுவீச்சு விமானங்களை எல்லாம் பறிகொடுத்தவன் போ, பதவியும் இறங்கியாகிவிட்டது. அவனிடம் சொல்லாதது சரி. ஆனால் மற்ற அதிகாரிகளுக்கும் தெரியவில்லையே, அவர்களில் சிலர் கலகத்திலேயே சேருகிறார்களே! ஒளிவேகத்தில் தாவும் ஹைப்பர்ஸ்பேஸில் பின்தொடர முடியாது என்று நம்பியிருந்தவர்களை எதிரி பின்தொடர்ந்து வந்துவிட்டான். உள்ளே உளவாளி இருப்பானோ என்றுதான் எந்தத் தளபதிக்கும் முதலில் தோன்றும். அந்தச் சந்தேகத்துக்கு ஒரே ஒரு வசனம் கொடுத்திருந்தால் மௌனம் அவருடையதாகியிருக்கும். இப்போது இருப்பது இயக்குநர் ரியன் ஜான்சனின் மௌனம், நம்மை ஏமாற்றுவதற்காக. பிறகு படையின் தலைவி லேயா வந்து ஹோல்டோவின் பெருமையைச் சொல்வது, பரீட்சை முடிந்தபின் விடைத்தாளில் எழுதுவது மாதிரி.

அந்த மோதல் காட்சிக்கு வருகிறேன். ஓட்டை பெரியதுதான், பழைய படங்களின் ராட்சத ஆயுத நிலையமான டெத் ஸ்டார் வரைக்கும் நீளும். ஆனாலும் சத்தமே இல்லாத அந்தச் சில நொடிகளில் யாரும் கேள்வி கேட்பதில்லை. தன் ஆட்கள் சாவதைப் பார்த்து நிற்கும் ஒருத்தி, தெரிந்தே கப்பலைத் திருப்புகிறாள். 2019இல் வந்த அடுத்த படம் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது: அது பத்து லட்சத்தில் ஒரு தடவை பலிக்கும் காரியம் என்று ஒரு வசனம். லாஜிக் சரியாகிவிட்டது. ஹோல்டோவின் தியாகம் குருட்டு அதிர்ஷ்டமாகிவிட்டது.