பல லைன் சார்ட்ட ஒரே படத்துல அடுக்கறது எப்படி: கேள்வி பதில்

பைத்தான்ல மேட்பிளாட்லிப்ங்கற படம் வரையற லைப்ரரி வச்சு நாலஞ்சு லைன் சார்ட்ட ஒரே ஃபிகர்ல போடறத பத்தி வந்த கேள்விகளுக்கு இங்க மொத்தமா பதில் சொல்லிடறேன். உதாரணம் எல்லாத்துக்கும் ஒரே டேட்டாதான்: சென்னை, மும்பை, சிரபுஞ்சி, ஜெய்சல்மேர், நாலு ஊரோட மாச மழை. கமாண்ட் எல்லாம் உச்சரிப்புப்படி தமிழ்ல இருக்கு, டைப் பண்றப்ப இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.

கேள்வி: அக்கா, 2க்கு 2ன்னு கட்டம் வருது, ஆனா நாலு கோடும் கடைசி கட்டத்துலயே போய் விழுது, மத்த மூணும் காலி. லூப்ல என்ன தப்பு?

லூப்புக்குள்ள பிஎல்டி.ப்ளாட்னு எழுதியிருப்பீங்க தம்பி (பிஎல்டிங்கறது மேட்பிளாட்லிப்போட பைப்ளாட் பகுதிக்கு வைக்கற சுருக்கப் பேர்). அது எப்பவுமே "இப்போதைக்கு எது கரன்ட் ஆக்ஸஸோ", அதாவது எந்தக் கட்டம் நடப்புல இருக்கோ, அதுல போய் வரையும், சப்ப்ளாட்ஸ் கூப்பிட்டதும் கடைசியா உருவான கட்டம்தான் கரன்ட், அதான் வலது கீழ் மூலைல எல்லாம் குவியுது. லூப்புக்கு வெளிய ஒரே ஒரு தடவ ஃபிக், ஆக்ஸஸ் = பிஎல்டி.சப்ப்ளாட்ஸ்(2, 2) போடுங்க, அப்புறம் ஃபார் ஏஎக்ஸ், ஊர் இன் ஜிப்(ஆக்ஸஸ்.ஃப்ளாட், ஊர்கள்) னு ஓட்டி உள்ள ஏஎக்ஸ்.ப்ளாட், ஏஎக்ஸ்.செட்_டைட்டில் மட்டும் யூஸ் பண்ணுங்க. ஒண்ணுக்கு மேல கட்டம் வந்துட்டா பிஎல்டிய படம் உருவாக்கவும் கடைசில காட்டவும் மட்டும் வச்சுக்கறது நல்லது, வரையறதெல்லாம் ஏஎக்ஸ் வழியாதான்.

கேள்வி: "என்டிஅரே ஆப்ஜெக்ட்டுக்கு ப்ளாட்னு ஒண்ணு இல்ல"ன்னு எரர் வருது மேடம்.

ஆக்ஸஸ்ங்கறது ஒரு கட்டம் இல்ல, கட்டங்கள வரிசையா அடுக்கி வச்ச நம்பை அரே (என்டிஅரேன்னு எரர்ல வர்றது அதுதான்). 2க்கு 2ன்னா ஆக்ஸஸ்[0, 1]னு ரெண்டு நம்பர் குடுக்கணும், ஒரே வரிசைன்னா ஒரு நம்பர் போதும், ஒரே கட்டம்னா அரேயே வராது. எத்தன ஊர்னு முன்னாடியே தெரியாம ஃபங்ஷன் எழுதறீங்கன்னா ஸ்க்வீஸ்=ஃபால்ஸ் போட்டுருங்க, எப்பவுமே ரெண்டு பரிமாண அரேயா வரும்.

கேள்வி: ஷேர்ஒய் (எல்லா கட்டத்துக்கும் ஒரே ஒய் அளவுகோல்) போடணுமா வேண்டாமா? ஒருத்தர் கட்டாயம் போடுங்கறார், இன்னொருத்தர் கூடவே கூடாதுங்கறார்.

இதுதான் இருக்கறதுலயே முக்கியமான கேள்வி, கோட் எழுத உக்காரறதுக்கு முன்னாடியே முடிவு பண்ண வேண்டியது. சிரபுஞ்சில ஜூன்லயும் ஜூலைலயும் மாசத்துக்கு 2000 மில்லிமீட்டர தாண்டி பெய்யும், ஜெய்சல்மேர்ல வருஷ சராசரியே 250க்கு கீழ. ஷேர்ஒய்=ட்ரூ போட்டா ஜெய்சல்மேர் கோடு அடில ஒட்டிட்டு தட்டையா கிடக்கும், சென்னையும் கிட்டத்தட்ட அப்படித்தான். "எந்த ஊர்ல அதிகமா பெய்யுது"ங்கறத காட்டணும்னா அந்த தட்டைக் கோடுதான் உண்மையான பதில், அப்படியே விடுங்க. "எந்த மாசத்துல பெய்யுது"ங்கறத காட்டணும்னா ஒய்ய பிரிச்சு விட்டாதான் மும்பைக்கு ஜூலைல உச்சம், சென்னைக்கு நவம்பர்ல உச்சம்னு கண்ணுல படும், தென்மேற்கும் வடகிழக்கும் பிரியற இடமே அங்கதான் தெரியும். ஆனா ஒய்ய பிரிச்சா அத வாசகருக்கு சொல்லியே ஆகணும், ஏன்னா பக்கத்துல பக்கத்துல இருக்கற கட்டத்த பாத்தா யாரும் உயரத்ததான் ஒப்பிடுவாங்க, ஜெய்சல்மேரும் சிரபுஞ்சியும் ஒரே அளவு மழைன்னு நெனச்சுட்டு போயிருவாங்க. தலைப்புக்கு கீழயே "ஒவ்வொரு கட்டத்துக்கும் அளவுகோல் வேற"ன்னு எழுதுங்க. ஷேர்எக்ஸ் பத்தி யோசிக்கவே வேண்டாம், எல்லாத்துலயும் அதே 12 மாசம்தான், கண்டிப்பா ட்ரூ.

கேள்வி: கீழ் கட்டத்தோட தலைப்பு, மேல் கட்டத்தோட மாசப் பேர் மேல ஏறுது. டைட்_லேஅவுட் போட்டும் சரியா வரல.

சப்ப்ளாட்ஸ்குள்ளயே லேஅவுட்='கான்ஸ்ட்ரெயின்ட்' குடுங்க, பொதுத் தலைப்பு, கலர்பார், லெஜண்ட் (எந்தக் கோடு எதுக்குன்னு சொல்ற குறிப்பு) எல்லாத்துக்கும் அதுவே இடம் ஒதுக்கும். அதோட கூடவே டைட்_லேஅவுட்டோ சப்ப்ளாட்ஸ்_அட்ஜஸ்ட்டோ சேத்து போடாதீங்க. அப்பவும் நெருக்கமா இருந்தா பிரச்சன சைஸ்ல, சொல்லாம விட்டா 6.4க்கு 4.8 இஞ்ச்தான் வரும், நாலு கட்டத்துக்கு அது பத்தாது. நாலு தடவ "மழை (மி.மீ)"ன்னு எழுதறத விட்டுட்டு ஃபிக்.சப்ஒய்லேபிள் ஒண்ணு போட்டாலே பாதி நெரிசல் போயிரும்.

கேள்வி: எனக்கு அஞ்சு ஊர். 2க்கு 3ல ஒரு கட்டம் காலியா நிக்குது அக்கா.

ஆக்ஸஸ்.ஃப்ளாட்[-1].செட்_ஆக்ஸிஸ்_ஆஃப்() போட்டா மறைஞ்சிரும். ஆனா ஷேர்எக்ஸ் போட்டிருந்தா மாசப் பேர் கீழ் வரிசைல மட்டும்தான் இருக்கும், கீழ் கட்டத்த மறைச்சதும் அதுக்கு மேல இருக்கற கட்டம் மாசப் பேரே இல்லாம அந்தரத்துல நிக்கும், நிறைய பேர் இத கவனிக்கறதே இல்ல. மேல இருக்கற அந்த ஒரு கட்டத்துக்கு டிக்_பாரம்ஸ்(லேபிள்பாட்டம்=ட்ரூ) குடுங்க. ஒரு ஊர பெருசா காட்டணும்னா சப்ப்ளாட்_மொசைக் பாருங்க, 'ஏஏபி;சிடிஇ'ன்னு எழுத்துலயே கட்டத்த வரைஞ்சு காட்டினா போதும், முதல் ஊருக்கு ரெண்டு கட்டம் அகலம் கிடைச்சிரும்.

கேள்வி: லெஜண்ட் நாலு கட்டத்துலயும் திரும்பத் திரும்ப வருது.

கட்டத்துக்கு ஒரே கோடுன்னா லெஜண்டே வேண்டாம், தலைப்புல ஊர் பேர் இருக்கே. ரெண்டு மூணு கோடு இருந்தா ஒரு கட்டத்துலேர்ந்து கெட்_லெஜண்ட்_ஹேண்டில்ஸ்_லேபிள்ஸ் எடுத்து ஃபிக்.லெஜண்ட்ல ஒரே தடவ குடுங்க. ஒரு கலர் எல்லா கட்டத்துலயும் ஒரே விஷயத்துக்குதான் இருக்கணும், அது மாறினா படம் பொய் சொல்லுது.

கேள்வி: மழையும் வெப்பமும் சேந்து வேணும். ஒரே கட்டத்துல ரெண்டு ஒய் அச்சு வைக்கற ட்வின்எக்ஸ் ஓகேவா?

நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். ரெண்டு ஒய் அச்சையும் எப்படி வேணா நகத்தி கோடுங்கள எங்க வேணா வெட்ட வைக்கலாம், ஆனா அந்த வெட்டற இடத்துக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. மேல மழை, கீழ வெப்பம், ஷேர்எக்ஸ்=ட்ரூ, அவ்ளோதான்.

கேள்வி: ஊர் பேர தமிழ்ல போட்டா எழுத்துக்கு பதிலா சின்னச் சின்ன பெட்டியா வருது. ஃபான்ட் மாத்தினா எழுத்து வருது, ஆனா கொம்பு இடம் மாறுது.

பெட்டி வர்றது ஃபான்ட் பிரச்சன, நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒண்ண ஃபான்ட் ஃபேமிலில குடுத்தா போயிரும். கொம்பு வேற கதை. மேட்பிளாட்லிப் 3.10 வெர்ஷன் வரைக்கும் அதோட வழக்கமான எஞ்சின் எழுத்துகள ஒண்ணு ஒண்ணா அப்படியே அடுக்கும், அதனால "சென்னை"ல ஒற்றைக் கொம்பு ச-வுக்கு பின்னாடி போயிரும், ஐகாரமும் ன-வுக்கு பின்னாடி நிக்கும். நம்ம மொழிக்கு இது ரொம்ப நாளா இருக்கற குறை, எனக்கு இன்னும் ஆதங்கம்தான். அந்த வெர்ஷன்கள்ல எம்பிஎல்கெய்ரோ பேக்கெண்ட (படத்த வரைஞ்சு தர்ற மாற்று எஞ்சின்) இன்ஸ்டால் பண்ணி, எழுத்த கோக்கற ராக்ம் லைப்ரரியோட ஓட்டினா சரியா வரும். இல்லன்னா எஸ்விஜியா சேவ் பண்றப்ப எஸ்விஜி.ஃபான்ட்டைப் 'நன்'னு வச்சிட்டு ப்ரௌசர்ல திறங்க, எழுத்த கோத்துக்கற வேலைய ப்ரௌசரே பாத்துக்கும்.

கேள்வி: ஜர்னல்ல போட்டா எழுத்தே படிக்க முடியலன்னு கைட் திட்டறார்.

14 இஞ்ச் அகலத்துல வரைஞ்சு ஜர்னலோட 3.5 இஞ்ச் பத்திக்கு சுருக்கறீங்க, 10 பாயிண்ட் எழுத்து 2.5 பாயிண்ட் ஆயிருது. ஃபிக்சைஸ்லயே 3.5 குடுத்து எழுத்த 8 பாயிண்ட் வைங்க, பிடிஎஃப்பா சேவ் பண்ணுங்க. அந்த அகலத்துல 2க்கு 2 திணறும், நாலையும் ஒண்ணு கீழ ஒண்ணா ஒரே நெடுவரிசைல அடுக்குங்க, மாசங்கள் நேர்கோட்டுல வர்றதால மேலேர்ந்து கீழ ஓட்டிப் பாக்கறதும் சுலபம்.