பிறந்த தேதி ஒன்று, கணக்கு வைக்கும் தேதி ஒன்று

குறைமாதக் குழந்தைகளின் வளர்ச்சி, விசேஷங்கள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பச்சிளங்குழந்தை மருத்துவப் பிரிவினரின் பதில்கள்.

என் மகள் 30-வது வாரத்தில் பிறந்தாள். இப்போது 7 மாதம். போன வாரம்தான் குப்புற விழுந்தாள். அதே மாதம் பிறந்த நாத்தனார் குழந்தை உட்கார்ந்தே விட்டது. சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா?
வாசகி, திருநெல்வேலி

தாராளமாகச் சந்தோஷப்படுங்கள். 40 வாரத்தில் 30-ஐக் கழித்தால், அவள் 10 வாரம் முந்தி வந்தவள். 7 மாதம் என்பது ஏறக்குறைய 30 வாரம். அதில் அந்த 10 வாரம் போனால் மிச்சம் 20 வாரம், அதாவது நாலரை மாதம். இதற்குத் திருத்திய வயது என்று பெயர். நாலரை மாதத்தில் குப்புற விழுவது சரியான நேரம்தான். நாத்தனார் குழந்தையோடு ஒப்பிடுவதை இன்றோடு விடுங்கள்.

2 வயது முடியும்வரை எடை, உயரம், தலைச் சுற்றளவு, விளையாட்டு, பேச்சு எல்லாவற்றையும் திருத்திய வயதை வைத்தே பாருங்கள். முகம் பார்த்துச் சிரிப்பது 6 முதல் 8 வாரத்தில், கழுத்து நிற்பது 3, 4 மாதத்தில், பிடிமானம் இல்லாமல் உட்காருவது 6 முதல் 8 மாதத்துக்குள். நடப்பதற்கு 18 மாதம்வரை காத்திருக்கலாம்.

ஆனால் "குறைமாசப் பிள்ளை, மெதுவாத்தான் வரும்" என்று எல்லாவற்றையும் இதில் போட்டு மூடவும் கூடாது. கணக்கைத் திருத்திய பிறகும் 3 மாதத்தில் சிரிப்பு இல்லை, 4 மாதம் தாண்டியும் கை முஷ்டி மூடியே இருக்கிறது, தூக்கினால் கால்கள் கத்தரி போல் பின்னிக்கொள்கின்றன, ஒரு வயதுக்கு முன்பே எதற்கும் ஒரே கையைத்தான் நீட்டுகிறது என்றால் உடனே காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென டி.இ.ஐ.சி. என்ற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன்.

28 வாரத்தில் 1,150 கிராமில் பிறந்த மகன் 3 வாரமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறான். தொட்டில், பேர் வைப்பு எல்லாம் தள்ளிப் போய்விட்டது. மனைவி சோர்ந்து போயிருக்கிறாள். அங்கேயே ஏதாவது கொண்டாடலாமா? அம்மா சேனை தொட்டு வைக்க வேண்டும் என்கிறார்.
வாசகர், ஈரோடு

சேனை மட்டும் வேண்டாம். தேனோ சர்க்கரைத் தண்ணீரோ ஒரு சொட்டுகூடக் கூடாது. இந்த வயதில் குடல் இன்னும் பக்குவப்படவில்லை. கிருமி புகுந்தால் குடல் அழுகும் அளவுக்குப் போகலாம். பாட்டியின் கையால்தான் ஏதாவது நடக்க வேண்டுமென்றால், பேரனுக்குப் பருத்தித் தொப்பி தைத்துத் தரட்டும். துவைத்து, வெயிலில் காய வைத்துக் கொண்டுவந்தால் போதும்.

கொண்டாட அங்கே நிறைய இருக்கிறது. பிறந்தவுடன் இறங்கிய எடையைத் திரும்பப் பிடித்த நாள், மூச்சுக்கு வைத்த சிபாப் குழாயை எடுத்த நாள், வயிற்றுக்குப் போகும் குழாயிலிருந்து பாலாடைக்கு மாறிய நாள். இதில் பாலாடைதான் பெரிய விஷயம். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை வாயோரத்தில் வைத்து, கொஞ்சம் சாய்த்து, அது விழுங்கி மூச்சு விட்ட பிறகுதான் அடுத்த வாய். அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறும், உதடு நீலமாகும். நர்ஸ் பக்கத்தில் நின்று சொல்லித்தர, மனைவியே கொடுக்கட்டும். சப்பி, விழுங்கி, மூச்சு விடுவது மூன்றும் ஒத்து வர, கர்ப்பக் கணக்கில் 34-வது வாரம் வாக்கில் ஆகும். நேரடித் தாய்ப்பாலுக்கு அதுவரை பொறுமை.

டாக்டர் சம்மதித்தால் கங்காரு பராமரிப்பை இன்றே தொடங்குங்கள். டயப்பர், தொப்பி, காலுறை மட்டும் போட்டு, மார்போடு மார்பாக நிமிர்த்தி வைத்து, மேலே துணியால் கட்ட வேண்டும். முகம் ஒரு பக்கம் திரும்பி, தாடை நெஞ்சில் இடிக்காமல் இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது வையுங்கள். நீங்களும் வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். செல்போனை அதற்கு முன் துடைத்துவிட்டு, தொட்ட கையைக் கழுவுங்கள்.

இன்னொன்று: இந்த எடைக்கு விழித்திரைப் பரிசோதனையைப் பிறந்த 2, 3 வாரத்துக்குள் செய்ய வேண்டும். முடிந்ததா என்று இன்றே கேளுங்கள். கண்ணைப் பொறுத்தவரை தாமதத்துக்கு ஈடு கிடையாது.

மகன் 32 கிழமையில் பிறந்தவன். இப்ப 9 மாதம், பல் ஒண்டும் இல்லை. பல்லுக்கொழுக்கட்டை கொட்ட மாமி நாள் பார்க்கச் சொல்லுறா. என்ன செய்ய?
வாசகி, யாழ்ப்பாணம்

8 கிழமை முந்திப் பிறந்ததால் கணக்குப்படி அவனுக்கு 7 மாதம். பல் வராதது குறையே இல்லை. ஒரு வயது தாண்டியும் முளைக்கும் பிள்ளைகள் உண்டு. திருத்திய வயது 18 மாதமாகியும் ஒன்றும் தெரியாவிட்டால் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கொழுக்கட்டை கொட்டும் நாளை, பல் வந்த பிறகே வையுங்கள், அதோடு பிள்ளை பிடிக்காமல் உட்காரவும் பழகியிருக்கட்டும். முன்னால் பரப்பும் பொருட்களில் ஒன்றை எட்டி எடுக்க வேண்டுமே! கொழுக்கட்டை முழுக்க ஆறியிருக்க வேண்டும். தலைக்கு மேல் பிடிக்கும் துணியில் கொட்டி, கீழே விழும் தேங்காய்ச் சொட்டை உடனே பொறுக்கிவிடுங்கள். அந்த வயதில் எல்லாம் வாய்க்குள்தான் போகும், தேங்காய்த் துண்டு தொண்டையில் அடைக்கும்.

குறைமாதப் பிள்ளைகளுக்குப் பல்லின் மேற்பூச்சு மெல்லியதாக இருப்பது சாதாரணம். முதல் பல்லிலிருந்தே ஒரு அரிசி அளவு பற்பசை போட்டுத் துலக்குங்கள். இரும்புச்சத்துச் சொட்டு மருந்தால் பல்லில் கறுப்புப் படிந்தால் அது மேல் கறைதான். அதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம், நாக்கின் பின்பக்கமாக விடுங்கள்.

முதல் பிறந்தநாளை எந்தத் தேதியில் வைப்பது? குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து, மண்டபத்தில் விருந்து என்று திட்டம். 10 வாரம் முன்னதாகப் பிறந்தவள், 4 மாதம்வரை ஆக்சிஜன் வைத்திருந்தோம்.
வாசகர், மதுரை

பிறந்த தேதியில்தான். நட்சத்திரமும் அதுதானே. டாக்டர் குறித்த பிரசவத் தேதி வரும்போது வீட்டோடு ஒரு பாயசம் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

யோசிக்க வேண்டியது மண்டபத்தைப் பற்றி. ஆக்சிஜன் வைத்திருந்த நுரையீரலுக்கு மற்றவர்களின் சாதாரணச் சளியே பெரிய நோயாகலாம். அடை மழைக் காலத்தில் பிறந்தநாள் வந்தால் விருந்தைச் சிறிதாக்குங்கள் அல்லது கோடைக்குத் தள்ளுங்கள். இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது முகத்தில் அடிப்பது போலத் தோன்றும். பரவாயில்லை, சொல்லுங்கள். ஹோமப் புகை, சாம்பிராணி பக்கம் குழந்தையை வைக்காதீர்கள். கேக் வெட்டும் கூட்டத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, விரல்களை விரித்து நீட்டினாலோ, அடிக்கடி கொட்டாவி விட்டாலோ போதும் என்கிறாள் என்று அர்த்தம். உள்ளறைக்குக் கொண்டுபோய் விளக்கை அணைத்துப் படுக்க வையுங்கள்.

மொட்டைக்கு அங்கேயே பிரித்த புது பிளேடு. காது குத்த, டெட்டனஸ் தடுப்பும் சேர்ந்த பென்டாவேலன்ட் தடுப்பூசி இரண்டாவது முடிந்திருக்க வேண்டும். ஒரு வயதில் அது முடிந்திருக்கும், அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். காது குத்தும் ஊசி புதிதாக இருக்க வேண்டும்.

யாராவது வாக்கர் பரிசளித்தால் வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள். அதில் உட்காரும் குழந்தை நுனிக்காலில் உந்தப் பழகும், படிக்கட்டில் உருண்டால் ஆபத்து. குறைமாதக் குழந்தைக்குக் கால் தசை ஏற்கெனவே சற்று இறுக்கமாக இருக்கலாம். தரையில் விரித்த பாய் போதும்.

தடுப்பூசி, சோறூட்டு இரண்டுக்கும் எந்த வயது?
வாசகி, கும்பகோணம்

ஊசிக்குப் பிறந்த தேதி. 6, 10, 14 வாரம் என்றால் பிறந்த நாளிலிருந்தே எண்ணுங்கள். எடை குறைவு என்று தள்ளிப் போடத் தேவையில்லை, டாக்டர் குறிப்பாகச் சொன்னால் ஒழிய. சோறூட்டுக்குத் திருத்திய வயது 6 மாதம். தலை ஆடாமல் நிற்க வேண்டும், கரண்டியைப் பார்த்து வாயைத் திறக்க வேண்டும், நாக்கு வெளியே தள்ளக் கூடாது. கோயிலில் ஊட்டுவதாக இருந்தால் பிரசாதப் பொங்கலை உதட்டில் தொட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து குழைத்த பருப்புச் சாதத்தை இரண்டு கரண்டி கொடுங்கள்.