இடது ஓரம் யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, சைக்கிளோட்டியைக் கடந்து செல்லும் காரோட்டி ஐந்தடியாவது இடைவெளி விடவேண்டும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்காக வந்த கடிதங்கள் வழக்கமாக ஓர் இதழுக்கு வருபவற்றைவிட அதிகம். பாதிப்பேர் என்னைக் காரோட்டிகளின் எதிரி என்கிறார்கள். மீதிப்பேர் ஐந்தடி போதாது என்கிறார்கள். வாரத்தில் நான்கு நாள் காரிலும் மற்ற நாட்களில் சைக்கிளிலும் செல்பவன் என்பதால் இரு தரப்பு வசவுக்கும் நான் தகுதியானவனே. இந்த இதழின் பக்கங்களை முழுவதும் இதற்கே ஒதுக்குகிறேன்.

ஐயா, நாள்தோறும் காஜாங்கிலிருந்து கோலாலம்பூருக்குக் காரில் வேலைக்குச் செல்கிறேன். சைக்கிளில் வருபவர்கள் இடது ஓரத்தில் இடம் இருந்தும் தடத்தின் நடுவிலேயே போகிறார்கள். ஹாரன் அடித்தாலும் ஒதுங்குவதில்லை. ஏன் இந்தப் பிடிவாதம்?
– வாசகர், காஜாங்

காரின் இருக்கையிலிருந்து பார்க்கும்போது அந்த ஓரம் காலியாகத்தான் தெரியும். சைக்கிளின் இருக்கையிலிருந்து பார்த்தால் அங்கே வடிகாலின் இரும்புக் கம்பி மூடி, ஒட்டுப்போட்ட தார், மணல், உடைந்த கண்ணாடித்துண்டு, மாலை மழைக்குப் பிறகு ஆழம் தெரியாத குட்டை ஆகிய அனைத்தும் வரிசையில் நிற்கும். பந்தய சைக்கிளின் சக்கரம் ஓர் அங்குல அகலமே உடையது. மூடியின் கம்பிகள் சாலையின் நீளவாக்கில் அமைந்திருந்தால் அந்தச் சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும், ஓட்டியவர் கைப்பிடியைத் தாண்டி விழுவார். இவற்றோடு, முன்னறிவிப்பின்றி இடப்பக்கமாக முந்திவரும் மோட்டார் சைக்கிள்களும் உண்டு.

எல்லாவற்றையும்விட அஞ்சவேண்டியது நிறுத்திவைத்த காரின் கதவு. முழுதாகத் திறந்தால் அது ஏறத்தாழ ஒரு மீட்டர் வெளியே நீளும். ஆகவே அனுபவமுள்ள சைக்கிளோட்டி, நிற்கும் கார் வரிசையிலிருந்து அந்த ஒரு மீட்டரைத் தள்ளியே செல்வார். பின்னால் வரும் உங்களுக்கு அவர் நடுவில் போவதுபோல் தோன்றும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு காலையில் எனக்கு இந்த அறிவு இருக்கவில்லை. திறந்த கதவில் மோதித் தோள்பட்டை வீங்கி நான் தரையில் கிடந்தபோது, இறங்கிவந்தவர் முதலில் குனிந்து பார்த்தது தம் கதவின் விளிம்பை. பிறகு என்னைத் தூக்கிவிட்டு, தேநீரும் வாங்கித் தந்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

இனி ஒரு சிறு கணக்கு. நகரச் சாலையில் ஒரு தடம் பெரும்பாலும் 3 முதல் 3.5 மீட்டர் அகலம் கொண்டது. சைக்கிளோட்டி ஓரக்கல்லிலிருந்து அரை மீட்டர் தள்ளிச் செல்கிறார், அவருடைய கைப்பிடி 60 சென்டிமீட்டர் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் ஐந்தடி, அதாவது 1.5 மீட்டர் இடைவெளி. அதற்கும் அப்பால் உங்கள் கார், அது மைவி போன்ற சிறிய காராகவே இருந்தாலும் 1.7 மீட்டருக்குக் குறையாது. கூட்டிப் பாருங்கள், 4.3 மீட்டர் வருகிறது. அதாவது, அவர் ஓரத்தை ஒட்டிச் சென்றாலும் நடுவில் சென்றாலும், அவரை முறையாகக் கடக்க நீங்கள் அடுத்த தடத்துக்குள் போயே ஆகவேண்டும். அவர் ஓரத்தில் ஒடுங்கினால் உங்களுக்குக் கிடைப்பது, அதே தடத்திலேயே உரசிக்கொண்டு போய்விடலாம் என்ற ஆசை மட்டுமே. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2016இல் இதைச் சட்டமாக்கியபோது, மணிக்கு 60 கிலோமீட்டர் வரையிலான சாலைகளில் 1 மீட்டர், அதற்கு மேற்பட்ட வேகச் சாலைகளில் 1.5 மீட்டர் என்று வரையறுத்தது. என் ஐந்தடி ஒன்றும் கற்பனையில் பிறந்ததன்று.

ஹாரனைப் பொறுத்தவரை, முதுகுக்குப் பின்னால் திடீரென ஒலிக்கும்போது மனிதர் திடுக்கிட்டுத் திரும்புவார். திரும்பும் பக்கம் கைப்பிடியும் திரும்பும். ஆனால் உங்கள் புகாரில் ஒரு பகுதி நியாயமானது. ஓரத்தில் கார்களும் இல்லை, பள்ளமும் இல்லை, பின்னால் பத்து வாகனங்கள் ஊர்ந்து வருகின்றன என்னும்போதும் ஒதுங்காமல் செல்பவரை நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு வீம்பு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

கதவு பற்றி ஒன்று விட்டுவிட்டேன். நம் நாட்டில் காரோட்டி வலப்பக்கம் அமர்கிறார். இறங்கும்போது வலக்கையால் கதவைத் திறக்காமல் இடக்கையை நீட்டித் திறந்து பாருங்கள். உடல் தானாகவே வலப்பக்கம் திரும்பும், கண் பின்னால் வருபவரைப் பார்த்துவிடும். பிரிட்டனின் சாலை விதிக் கையேடு 2022இல் இந்தப் பழக்கத்தைச் சேர்த்துக்கொண்டது.

நாங்கள் சாலை வரி கட்டுகிறோம். சைக்கிளோட்டிகள் ஒரு காசும் கட்டுவதில்லை. கட்டாதவர்களுக்கு உரிமை மட்டும் எங்கிருந்து வந்தது?
– வாசகர், செராஸ்

சாலை வரி என்பது பேச்சுவழக்குப் பெயர். உங்கள் கையிலுள்ள ஆவணத்தின் பெயர் மோட்டார் வாகன உரிமம். அந்தப் பணம் கூட்டரசின் பொது வருவாயில் சேர்கிறது. நீங்கள் நாளும் ஓட்டுகிற நகரத் தெருக்களில் பெரும்பாலானவற்றைப் பராமரிப்பது கோலாலம்பூர் மாநகர் மன்றம். அதன் வருவாயில் பெரும்பங்கு வீட்டுக்கும் கடைக்கும் விதிக்கப்படும் மதிப்பீட்டு வரியிலிருந்து வருகிறது. சைக்கிளில் போகிறவருக்கும் வீடு உண்டு. வரியின் அளவுதான் உரிமையின் அளவு என்றால், ஆண்டுக்கு 2 ரிங்கிட் கட்டும் 150 சிசி மோட்டார் சைக்கிளை 90 ரிங்கிட் கட்டும் 1.6 லிட்டர் கார் ஓரங்கட்டலாம் என்றாகும். 2022 முதல் 2025 இறுதி வரை மின்சாரக் கார்களுக்கு இந்த வரியிலிருந்து முழு விலக்கு இருந்தது. லட்சக்கணக்கில் விலைபோன அந்தக் கார்களைப் பார்த்து யாரும் "இறங்கு சாலையைவிட்டு" என்று சொல்லக் கேட்டதில்லை.

ஒரு காலத்தில் நம் ஊரில் சைக்கிளுக்கும் உரிமம் இருந்தது. செந்தூல் ரயில்வே பட்டறைக்குச் சைக்கிளிலேயே போய்வந்த என் தந்தையார், நகராட்சி கொடுத்த அந்தத் தகரத் தகட்டை இறுதிவரை ஆணியில் மாட்டி வைத்திருந்தார். தகடு இருந்த காலத்திலும் லோரிக்காரர்கள் அவரைத் திட்டியதாகவே சொல்வார்.

சைக்கிளுக்கென்று நீல வண்ணத் தடம் போட்டார்களே, அதில் போகாமல் ஏன் சாலைக்கு வருகிறார்கள்?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

2018 பிப்ரவரியில் உலக நகர்ப்புற மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது நகர மையத்தில் பூசப்பட்ட நீலத் தடங்களைத்தான் குறிப்பிடுகிறீர்கள் என எண்ணுகிறேன். சாயம் தடுப்புச் சுவராகாது, அம்மா. பூசிய சில நாட்களிலேயே அதில் மோட்டார் சைக்கிள்கள் ஓடின, கார்கள் நின்றன, பொருள் இறக்கும் வேன்கள் ஓய்வெடுத்தன. சைக்கிளோட்டி ஒவ்வொரு வேனுக்கும் தடத்தைவிட்டு வெளியே வந்து மீண்டும் உள்ளே போகவேண்டியிருந்தது. பின்னால் வருபவருக்கு இது நேராகச் செல்வதைவிட ஆபத்தான அசைவு. அதற்கு முன் 2015இல் மிட்வேலியிலிருந்து டத்தாரான் மெர்டேக்கா வரை 5.5 கிலோமீட்டருக்குத் திறக்கப்பட்ட தனித்தடம் எண்ணத்தில் இதைவிட மேலானது, ஏனெனில் அதன் பெரும்பகுதி வாகன நெரிசலிலிருந்து விலகியிருந்தது. மாநகர் மன்றம் 2019 முதல் 2028 வரைக்கும் பாதசாரிகளுக்கும் சைக்கிளுக்கும் ஒரு பெருந்திட்டத்தை வெளியிட்டிருக்கிறது. திட்டத்தின் வரைபடத்தைவிட, நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திய வேனுக்குச் சம்மன் எழுதும் கையே எனக்கு நம்பிக்கை தரும்.

நாங்கள் பதினைந்து நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் உலு லங்காட் பக்கம் சைக்கிளில் செல்கிறோம். இருவர் இருவராகத்தான் போவோம். அதுதான் பாதுகாப்பு என்று படித்திருக்கிறோம். ஆனால் காரோட்டிகள் கெட்ட வார்த்தையால் திட்டுகிறார்கள். இதற்குத் தீர்வு என்ன?
– வாசகர், அம்பாங்

இருவர் இருவராகச் செல்லும் குழு நீளத்தில் பாதியாகிறது, ஆகவே அதைக் கடக்கும் நேரமும் பாதியாகிறது என்ற வாதம் உண்மையே. அகலமான பலதடச் சாலையில் அதை நானும் ஏற்பேன். ஆனால் உலு லங்காட் சாலை போகப்போக ஒடுங்கி, வளைந்து, எதிரே வருவது தெரியாமல் ஆகிவிடும். அங்கே பதினைந்து பேர் கொண்ட கூட்டம் எவ்வகையில் சென்றாலும் ஒரு பேருந்தின் நீளத்துக்கு மேல்தான். சிங்கப்பூர் 2022 ஜனவரி முதல் ஒரு குழுவின் நீளத்தை ஐந்து சைக்கிள்களுக்கு மிகாமல் கட்டுப்படுத்தியிருக்கிறது. அதைவிடப் பெரிய கூட்டம் இடைவெளி விட்டுப் பிரிந்து செல்லவேண்டும். நம் ஊரில் யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகவே மூன்று குழுவாகப் பிரியலாமே. நடுவில் கார் நுழைந்து நிமிர இடம் கிடைத்தால் திட்டும் பாதியாகக் குறையும்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கில் நிற்கிறீர்களா? முன்னால் செல்பவர் நின்றால் பின்னால் வரும் பதினான்கு பேரும் வேகம் இழப்பார்களே என்று கும்பலோடு பாய்ந்துசெல்லும் குழுக்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பார்த்த காரோட்டி அதை மறப்பதில்லை. அன்று மாலை தனியாகச் செல்லும் வேறொரு சைக்கிளோட்டியின்மேல் அந்தக் கோபத்தை இறக்குகிறார்.

அந்த வேறொருவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்கிறேன். இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதுபவர்கள் விலையுயர்ந்த சைக்கிளும் அதைக் கொண்டுபோகக் காரும் உடையவர்கள். எழுதாதவர்கள், இரவு வேலை முடிந்து விளக்கில்லாத பழைய சைக்கிளில் விடுதிக்குத் திரும்பும் நேபாளக் காவலாளியும், வங்காளதேசத் தொழிலாளியும், அதிகாலையில் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகும் நம் பெரியவரும். அவர்களுக்குச் சைக்கிள் பொழுதுபோக்கன்று. ஒரு சிவப்புப் பின்விளக்கின் விலை இருபது ரிங்கிட்டைத் தாண்டாது. உங்கள் குழு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைச்சிற்றுண்டிச் செலவை அப்படிப்பட்ட பத்து விளக்குகளுக்கு மாற்றினால், நான் அதை இந்தப் பக்கத்தில் மகிழ்ச்சியோடு எழுதுவேன்.

என் மகனுக்குப் பதினான்கு வயது. பிரேக்கைக் கழற்றிவிட்டு, வயிற்றால் படுத்துக்கொண்டு ஓட்டும் சைக்கிள் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறான். மிரட்டியும் கேட்கவில்லை.
– தாய், செந்தூல்

மிரட்டுவதை விட்டுவிட்டு, நடந்ததை அவனிடம் அப்படியே சொல்லுங்கள். 2017 பிப்ரவரி 18 அதிகாலை மூன்று மணியளவில், ஜொகூர் பாருவில் இத்தகைய ‘பாசிக்கால் லாஜாக்’ சைக்கிள்களில் சென்ற பதின்ம வயதுச் சிறுவர்கள் எண்மர் ஒரு கார் மோதி இறந்தார்கள். காரை ஓட்டிய இளம்பெண் இருமுறை விடுதலை செய்யப்பட்டார். 2022 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆறாண்டு நீதிமன்ற வாசலில் நின்றவர் ஒருபக்கம். எட்டு வீடுகளில் திரும்பிவராத பிள்ளைகள் ஒருபக்கம். அந்தச் சைக்கிளின் பிரேக்கை இன்றே மாட்டச் செய்யுங்கள். மாட்டும்வரை சைக்கிள் பூட்டிய அறையில் இருக்கட்டும். அவனுக்குப் பந்தயம்தான் ஆசை என்றால், முறையான பயிற்சி தரும் சைக்கிள் குழு ஒன்றில் சேர்த்துவிடுங்கள். அங்கே முதல் நாளே நிறுத்தத்தான் கற்றுத்தருவார்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குப் பாலத்தில் சைக்கிளில் போகலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

கூடாது; 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. படகில் போங்கள். 2023இல் வந்த புதிய படகுகள் பாதசாரியையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றுகின்றன, காரை ஏற்றுவதில்லை. காரோட்டி கரையில் நிற்க, சைக்கிளோட்டி ஏறிச்செல்லும் இடம் இந்த நாட்டில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

நான் லோரி ஓட்டுநர். இடப்பக்கம் திரும்பும்போது சைக்கிள் எங்கிருந்து வந்து நுழைகிறது என்றே தெரிவதில்லை. விபத்து நடந்தால் எல்லாரும் லோரிக்காரனைத்தான் அடிக்க வருகிறார்கள். எங்கள் பக்கத்தை யார் கேட்பார்கள்?
– வாசகர், செகாம்புட்

நீங்கள் எழுதிய இந்தச் சில வரிகள் மற்றெல்லாக் கடிதங்களையும்விட எனக்குப் பயன்பட்டன. உயரமான லோரியின் இடப்பக்கக் கதவை ஒட்டிய பகுதி ஓட்டுநரின் நேர்ப்பார்வைக்கு மறைவானது. கண்ணாடியிலும் முழுதாக விழுவதில்லை. போதாக்குறைக்கு, நீண்ட வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் உட்பக்கமாக, ஓரக்கல்லை நோக்கி அறுத்துக்கொண்டு வரும். சிவப்பு விளக்கில் நிற்கும் லோரியின் இடப்பக்கமாக முன்னேறி வந்து நிற்கும் சைக்கிளோட்டி, தெரியாமலே அந்த இடுக்குக்குள் புகுந்துவிடுகிறார். ஓரமாகப் போ, ஓரமாகப் போ என்று நாம் எல்லாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்த இடமும் அதுவே.

சைக்கிள் வாசகர்களுக்குச் சொல்கிறேன்: நிற்கும் லோரியின் இடப்பக்கம் நுழையாமல் பின்னாலேயே நில்லுங்கள்; அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால், அவருக்கு நீங்கள் இல்லை. லோரி ஓட்டுநரான உங்களிடம் கேட்பது, திரும்புவதற்கு வெகுமுன்பே இடது சமிக்ஞையைப் போட்டு, திரும்பும் வேளையில் நடைவேகத்துக்கு இறங்குங்கள் என்பதே.

மற்றவற்றை நான் காகிதத்தில் எழுதித் தெரிந்துகொள்ள முடியாது. உங்களுக்கும் உங்கள் முதலாளிக்கும் ஆட்சேபம் இல்லையென்றால், ஒரு நாள் காலை உங்கள் லோரியின் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து வர விரும்புகிறேன். என் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறேன்.