சுவருக்குள் கிடக்கும் டெலிபோன் வயரில் நெட்வொர்க் ஓடுமா?

கேள்வி: எங்களுடையது இரண்டு மாடி ஆடிட்டர் அலுவலகம், ஆறு கம்ப்யூட்டர். வைஃபையில் டேலி அடிக்கடி திணறுகிறது. முன்பு இண்டர்காமுக்காக ஒவ்வொரு மேசைக்கும் போட்ட டெலிபோன் வயர் இப்போது சும்மா கிடக்கிறது. சுவரை உடைக்காமல் அதிலேயே நெட்வொர்க் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாமா என்பது சுவருக்குள் எந்த வயர் போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. திறந்து பார்ப்பதற்கு முன் ஒன்று: அந்த வயர்கள் இண்டர்காம் பெட்டியிலிருந்தும் வெளி லைனிலிருந்தும் முழுதாகக் கழற்றப்பட்டிருக்க வேண்டும். டெலிபோன் லைனில் யாரும் பேசாதபோதும் 48 வோல்ட் இருக்கும். மணி அடிக்கும்போது 75 முதல் 90 வோல்ட் வரை ஏசி வரும். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் போர்ட்டுக்கு அது ஆகாது.

சரி, இப்போது மேசையருகே உள்ள பாக்ஸைக் கழற்றுங்கள். வயரின் மேலுறையில் 'கேட் 5ஈ' (நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம்) என்று அச்சிட்டு, உள்ளே எட்டுக் கம்பிகள் இருந்தால் கவலையே இல்லை. இண்டர்காமுக்கே அந்தக் கேபிளைப் போடுகிறவர்கள் உண்டு. இரு முனையிலும் ஆர்ஜே45 என்ற நெட்வொர்க் பிளக்கை மாட்டினால் 100 மீட்டர் வரை கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் வேகம் கிடைக்கும்.

பெரும்பாலும் நாலு கம்பிதான் இருக்கும். அவை ஜோடி ஜோடியாக நன்றாக முறுக்கிய கம்பிகள் என்றால், ஒரு ஜோடியை 1, 2 பின்களிலும் மற்றதை 3, 6 பின்களிலும் மாட்டி 100 எம்பிபிஎஸ் முயன்று பார்க்கலாம். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு வேகத்தை 100 என்று கையால் குறைத்து வையுங்கள். இல்லையென்றால் இரண்டு பக்கமும் கிகாபிட்டுக்கு ஒத்துக்கொண்டு, மற்ற இரண்டு ஜோடிகளைத் தேடித் தோற்கும். முறுக்கே இல்லாத வயரில் போர்ட்டின் விளக்கு எரியும், பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) கூடப் போகும். பெரிய ஃபைலை காப்பி செய்யும்போதுதான் குட்டு வெளிப்படும். வைஃபைக்கு இது மேல் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொரு சிக்கல், ஒரே வயர் ஒரு பாக்ஸிலிருந்து அடுத்த பாக்ஸுக்குத் தாவிப் போயிருப்பது. டெலிபோனுக்கு அது சரி. ஈதர்நெட்டில், அதாவது கேபிள் வழி நெட்வொர்க்கில், ஒரு கேபிளுக்கு இரண்டு முனைதான், நடுவில் கிளை கூடாது.

மாடிக்கும் கீழுக்கும் ஒரே ஒரு இணைப்பு போதும் என்றால் டெலிபோன் வயரிலேயே நெட்வொர்க்கைக் கொண்டுபோகும் விடிஎஸ்எல்2 எக்ஸ்டெண்டர் இருக்கிறது. இரண்டு பெட்டிகள், நடுவில் ஒரே ஜோடிக் கம்பி; மேலே ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். தூரம் கூடக்கூட வேகம் குறையும், உங்கள் கட்டடத்துக்கு அது பெரிய பிரச்சினை அல்ல. ஆனால் ஆறு மேசைக்கும் ஆறு செட் வாங்குவது வீண் செலவு.

என்னைக் கேட்டால், அந்தச் சுவரில் வயரைவிட மதிப்புள்ளது அது போகும் பைப்தான். ஒரு முனையை மெல்ல இழுங்கள். மறுமுனை அசைந்தால் பூச்சில் சிக்கவில்லை என்று பொருள். புது கேட் 6 கேபிளைப் பழைய வயரோடு கட்டி, முடிச்சு தடிக்காமல் டேப் சுற்றி, ஒருவர் இழுக்க மறுபக்கம் ஒருவர் தள்ளிக்கொடுத்தால் வந்துவிடும். வளைவில் அடம்பிடித்தால் கொஞ்சம் டால்கம் பவுடர். முரட்டுத்தனமாக இழுத்து அறுத்துவிடாதீர்கள். கரண்ட் வயர் போகும் பைப்பில் மட்டும் இதைச் சேர்க்க வேண்டாம்.

கேபிள் வாங்கும்போது கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். அப்புறம், கேபிளோடு ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து இழுத்து உள்ளேயே விட்டுவிடுங்கள். ஏழாவது கம்ப்யூட்டர் வரும்போது தேவைப்படும்.