முன்கதைகளும் மர்மங்களும்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொடைக்கானலில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். அறிவியல் புனைவுகளுக்குப் பின்னாளில் எழுதப்படும் முன்கதைகள் மூலக்கதையின் மர்மங்களை அவிழ்க்க முற்படக் கூடாது என்று சென்ற மாதக் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விளக்குவதுதான் என் தொழில். மலையேறும் ஈரக்காற்று குளிர்ந்து மேகமாகும் விதத்தை வகுப்பில் விளக்கிய பிறகு, கோக்கர்ஸ் நடைபாதையில் மேகம் காலடிவரை வந்து நிற்பதைப் பார்க்கும் மாணவரின் மகிழ்ச்சி குறைந்து நான் கண்டதில்லை. அப்படியிருக்க, அறிவியலைப் பெயரிலேயே கொண்ட ஓர் இலக்கிய வகை, கேள்வியை எழுப்பிவிட்டு விடையை மறைத்து வைப்பது எப்படிச் சரியாகும்? அறிய முடியாததன் முன் கைகூப்பி நிற்பது பக்தியின் இயல்பு. அறிவியலின் இயல்பு அன்று. தாண்டிக்குடிப் பக்கத்துக் கற்திட்டை (பழங்கால ஈமக் கற்கட்டடம்) ஒன்றுக்குள் கேட்கும் ஒலியைப் பற்றிய உங்கள் கதையைப் படித்த என் மாணவர்கள், அது எங்கிருந்து வந்தது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு முன்கதை எழுதுவீர்களா?

ச.

அன்புள்ள ச.,

விளக்கம் வியப்பைக் கொன்றுவிடாது என்பதில் நான் உங்கள் பக்கம்தான். இயற்கைக்குத் தரப்படும் விளக்கமும் கதைக்குத் தரப்படும் விளக்கமும் ஒரே வகையைச் சேர்ந்தவை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் ஊரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1909 ஜனவரியில், ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளின் புறவிளிம்பில் நிறமாலைக் கோடுகள் சற்றே இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டு, அங்குள்ள வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல் கரும்புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டறிந்திருந்தார். அவ்வளவு வலிமையான காந்தப்புலத்துக்குள் வாயு ஏன் அப்படிப் பாய வேண்டும் என்ற அடுத்த கேள்வி உடனே பிறந்தது. பல பத்தாண்டுகள் அது சூரிய இயற்பியலாளர்களை விடவில்லை. இயற்கை தரும் ஒவ்வொரு விடைக்குப் பின்னாலும் இன்னும் இயற்கை இருக்கிறது. கதாசிரியர் தரும் விடைக்குப் பின்னாலோ அவர் எடுத்த முடிவு மட்டுமே இருக்கிறது. அதற்குமேல் தோண்டினால் எதுவும் கிடைக்காது. ஆகவே ஒரு முன்கதையைப் பற்றி நான் கேட்பது இதுதான்: அது தரும் விடைக்குப் பிறகு மூலக்கதையின் உலகம் முன்பைவிடப் பெரிதாகிறதா, சிறுத்துப்போகிறதா?

சிறுத்துப்போனதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டாக நான் கருதுவது ரிட்லி ஸ்காட்டின் ‘ஏலியன்’ வரிசையை. 1979இல் வந்த முதல் படத்தில், ஆளில்லாத ஒரு வேற்றுக் கப்பலுக்குள் நுழையும் மனிதர்கள் இருக்கையோடு இருக்கையாகக் கல்லாய்ச் சமைந்த ஒரு மாபெரும் உருவத்தைப் பார்க்கிறார்கள். அதன் விலா எலும்புகள் உள்ளிருந்து வெளியே வளைந்திருக்கின்றன. யார் அது, எங்கே போய்க்கொண்டிருந்தது, எத்தனை காலமாக அங்கே அமர்ந்திருக்கிறது என்று படம் சொல்வதில்லை. சில நிமிடங்களே வரும் அந்தக் காட்சி, மனிதர்கள் பிறப்பதற்கு முன்பே இந்த அண்டத்தில் பெரும் பயணங்களும் பெரும் துயரங்களும் நடந்து முடிந்துவிட்டன என்ற உணர்வைத் தந்துவிடுகிறது. 2012இல் அவரே எடுத்த ‘ப்ரொமீதியஸ்’, அந்த உருவம் ஓர் உடுப்பு என்றும், அதற்குள் இருந்தவர்கள் நம்மைப் போன்ற முகமும் நம்மோடு ஒத்துப்போகும் மரபணுவும் கொண்ட, மனித இனத்தை உண்டாக்கிய மூதாதையர் என்றும் சொன்னது. 2017இல் வந்த ‘ஏலியன்: கவனன்ட்’ இன்னும் ஒரு படி போய், முதல் படத்தின் கொடிய உயிரினத்தை உருவாக்கிய பொறுப்பை மனிதன் செய்த ஓர் எந்திரனிடமே ஒப்படைத்தது. நம்மைச் சற்றும் பொருட்படுத்தாத ஒன்றின் எதிரே நிற்கும் அச்சமே முதல் படத்தின் உயிர். இரண்டு முன்கதைகளுக்குப் பிறகு பாட்டன், மகன், மகன் செய்த பொம்மை என்று எல்லாமே நம் வீட்டுக்குள் நடக்கும் சண்டையாகிவிட்டது. அந்தப் படங்களில் அழகான பகுதிகள் உண்டு. எந்திரனாக நடித்தவரின் நடிப்பை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் அவற்றைப் பார்த்தபின் அந்தக் கல்லுருவத்தை என்னால் பழைய கண்களால் பார்க்க முடியவில்லை என்பதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் நேர்ந்தது இதைவிடக் கவலைக்குரியது என்பது என் கருத்து. 1977இல் வந்த முதல் படத்தில், எல்லா உயிர்களிலிருந்தும் பிறந்து எல்லாவற்றையும் பிணைக்கும் ஓர் ஆற்றலாகவே ‘ஃபோர்ஸ்’ சொல்லப்பட்டது. பயிற்சியாலும் மன ஒருமையாலும் நெருங்கக்கூடியது என்ற எண்ணம் பார்ப்பவருக்கு ஏற்பட்டது. 1999இல் வந்த முன்கதையோ உயிரணுக்களுக்குள் வாழும் நுண்ணுயிரிகளை அதற்குக் காரணமாகக் காட்டி, ஒரு சிறுவனின் இரத்தத்தைச் சோதித்து, எண்ணிக்கை 20,000க்கும் மேல் என்று வியக்கிறது. வாரிசுக் கதையின் சாயல் முதல் மூன்று படங்களிலேயே உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் தகுதி இரத்தத்தில் இருக்கிறது, அதை அளந்தும் பார்த்துவிடலாம் என்று ஒரு கதை சொல்லும்போது, பிறப்பை வைத்து மனிதரை அளந்த நாட்டில் வாழும் நமக்கு அது வெறும் உயிரியல் தகவலாகக் கடந்துபோகக் கூடாது. அறிவியலின் உடையில் வந்த அந்த விளக்கம் எதையும் விளக்கவில்லை. ஒரு மர்மத்தை எடுத்துவிட்டு ஒரு படிநிலையை வைத்தது.

பக்தி என்ற உங்கள் குற்றச்சாட்டுக்கு ஆர்தர் சி. கிளார்க்கின் 1973ஆம் ஆண்டு நாவலான ‘ராண்டெவூ வித் ராமா’வை முன்வைக்கிறேன். சூரிய மண்டலத்துக்குள் நுழையும் 50 கிலோமீட்டர் நீள உருளை ஒன்றை மனிதர்கள் உள்ளே இறங்கி அளக்கிறார்கள். அதன் சுழற்சி தரும் எடையையும், உறைந்திருந்த கடல் வெப்பத்தில் உருகுவதையும், அதனால் புயல் எழுவதையும் உங்கள் வகுப்பிலேயே பாடமாக வைக்கலாம். அளக்கக்கூடிய அனைத்தும் அளக்கப்படுகின்றன. கட்டியவர் யார் என்பது மட்டும் கடைசிவரை தெரிவதில்லை, ஏனெனில் அதற்கான சான்று அந்தக் கப்பலில் இல்லை. சான்று இல்லாத இடத்தில் நிறுத்திக்கொள்வது அறிவியல் ஒழுக்கமே.

இத்தனையும் சொன்ன பிறகு, முன்கதையே வேண்டாம் என்பது என் நிலை என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. 1977ஆம் ஆண்டு ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஒரு கோளையே அழிக்கவல்ல மாபெரும் நிலையம், ஒரு சிறிய புகைப்போக்கித் துளையால் அழிகிறது. இவ்வளவு பெரிய பொறியமைப்பில் இப்படியொரு மடமையா என்று பார்ப்பவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தார்கள். 2016இல் வந்த ‘ரோக் ஒன்’, கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்பட்ட ஒரு பொறியாளர் அந்தப் பலவீனத்தை வேண்டுமென்றே உள்ளே வைத்தார் என்று விடை சொன்னது. இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். இங்கே விளக்கப்பட்டது அண்டத்தின் இயல்பு இல்லை, ஒரு மனிதர் எடுத்த முடிவு. அது தெரிந்தபின் பழைய படத்தின் இறுதிக்காட்சியில், பெயர் தெரியாத பலரின் உயிர் கூடுதலாக வந்து சேர்ந்துகொள்கிறது.

நம் மொழியில் இதற்கு மிகப் பழைய முன்மாதிரி சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதை. மதுரை எரிந்தபின் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் தோன்றி, கோவலன் ஏன் கொலையுண்டான் என்பதற்கு ஒரு முற்பிறவிக் கதையைச் சொல்கிறது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் பரதன் என்ற அரச ஊழியனாக இருந்தபோது, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்து அவன் கொல்லச் செய்தான். சங்கமனின் மனைவி நீலியின் சாபம் இப்பிறவியில் பலித்தது. பழியின்றி இறந்ததாக நாம் நம்பியவன் மீது பழைய பழியொன்றைச் சுமத்தும் துணிவான விளக்கம் இது. கண்ணகியின் நியாயத்தை இது கெடுத்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் இளங்கோ அந்த விளக்கத்தைக் கேட்ட கண்ணகியை ஆறுதல் அடையவிடுவதில்லை. கணவனோடு கிழக்கு வாயிலில் நுழைந்தேன், எதுவுமற்றவளாய் மேற்கு வாயிலில் வெளியேறுகிறேன் என்று சொல்லி, வைகைக் கரையோடு அவள் நடந்துபோகிறாள். காரணம் தெரிந்தும் துயரம் அப்படியே இருக்கிறது. நீலி என்ற இன்னொரு பெண்ணின் துயரமும் அதனோடு சேர்கிறது. முன்கதை எழுத உட்காருபவர்கள் இந்தக் காதையை ஒருமுறை ஊன்றிப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி உங்கள் மாணவர்களின் கேள்வி. அந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று விளக்கும் முன்கதையை நான் எழுத மாட்டேன். வேற்றுக் கோள் என்றோ, பாறைக்குள் புகும் காற்று என்றோ, இறந்தோரின் குரல் என்றோ நான் எதைச் சொன்னாலும், அது என் விருப்பத்தால் பிறந்த விடையாக இருக்குமே தவிர, கதைக்குள் இருக்கும் சான்றுகளால் பிறந்ததாக இருக்காது. ஆனால் அந்தக் கதையில் ஒரு நில அளவையாளர் வருகிறார். ஒலியை முதலில் கேட்டவர் அவர், தம் அறிக்கையில் அதைக் குறிப்பிடாமல் விட்டவரும் அவரே. அவர் ஏன் அதை எழுதாமல் விட்டார், யாரிடம் சொன்னார், சொன்னபோது கேட்டவர் என்ன செய்தார் என்பது எழுதத் தகுந்த முன்கதை. அதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். உங்கள் மாணவர்கள் ஒப்புக்கொண்டால், முதல் வரைவை அவர்களுக்கே அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்